ரணதீரனுக்கு லைசென்ஸ் உண்டா?

"இதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கீங்களா?"

கேட்டவர் சஃபாரி சூட் போட்டிருந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கையில், கழுத்தைப் பிடித்தபடி, கவுஸ் செய்த பொம்மை.

முகம்மது கவுஸ் தன் கொட்டகையில் பிளாஸ்டிக் அடிக்கும் கை மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். சஃபாரி சூட்டைக் கண்டால் எழுந்துவிடுவது அன்றைய தருமபுரியில் எல்லாருக்கும் இருந்த பழக்கம். உள்ளே இருப்பவர் பெரிய ஆபீசரா, இன்சூரன்ஸ் ஏஜெண்டா என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

"எதுக்குங்க? துப்பாக்கிக்குங்களா?"

"என்னது?"

"பொம்மை கையில துப்பாக்கி இருக்குதில்லைங்க, அதுக்குக் கேக்கறீங்களோன்னு. சும்மா பிளாஸ்டிக்குங்க. ஈ கூடச் சாவாது."

கவுஸ் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. அது எண்பத்து மூன்றாம் வருஷம். ரேடியோ பாட வேண்டுமென்றால் லைசென்ஸ். சைக்கிள் ஓட வேண்டுமென்றால் ஒரு தகர வில்லை. நாய்க்குக்கூட ஒன்று உண்டு என்று சொல்வார்கள், எந்த நாயும் கட்டிக்கொண்டு திரிந்து பார்த்ததில்லை. லைசென்ஸ் என்றால் சர்க்கார் கொடுப்பது, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. கவுஸ் உள்ளே ஓடி தகரப் பெட்டியிலிருந்து கொட்டகைக்கான லைசென்ஸையும் ரேடியோ லைசென்ஸையும் கொண்டுவந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சைக்கிள் வில்லையையும் கழற்றி மேலே வைத்தார்.

வந்தவர் எதையும் தொடவில்லை.

"நான் மெட்ராஸ்லேர்ந்து வர்றேன். மிஸ்டர் ராஜ். கேப்டன் ரணதீரன் படக்கதை போடற கம்பெனி. இந்த ஆளை நீங்க செய்யக் கூடாது. இவன் எங்க கம்பெனிக்குச் சொந்தம்."

"இவரு படத்துல வர்ற ஆளுதானுங்களே?"

"படத்துல வர்ற ஆளைத்தான் சொந்தம் கொண்டாட முடியும். நெஜ ஆளுன்னா முடியாது."

கவுஸுக்கு அதில் ஏதோ நியாயம் இருப்பதாகவே பட்டது.

"அப்ப நீங்களே எனக்கு ஒரு லைசென்ஸ் குடுத்துருங்க."

"அதைப் பம்பாய்ல ஒரு கம்பெனிக்குக் குடுத்தாச்சு."

"அவங்க ரணதீரனைச் செய்யறாங்களா?"

"இல்ல."

"ஏனுங்க?"

"பம்பாய்ல ரணதீரனை யாருக்கும் தெரியாது."

"இங்க எல்லாருக்கும் தெரியுமேங்க!"

"தெரியும். ஆனா லைசென்ஸ் இல்ல."

"தெரிஞ்சவன் செய்யக் கூடாது. செய்யலாம்னு இருக்கறவனுக்குத் தெரியாது. அப்ப பொம்மையை யாருதானுங்க செய்வாங்க?"

"யாரும் செய்ய மாட்டாங்க," என்றார் மிஸ்டர் ராஜ் பொறுமையாக. "அதுக்குத்தான் லைசென்ஸ்."

கேப்டன் ரணதீரனை இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. அன்றைக்கு அவன் வெள்ளிக்கிழமைதோறும் மெட்ராசிலிருந்து பஸ்ஸில் வருவான், ஒரு சிறுவர் வார இதழின் நடுப்பக்கத்தில். நீலச் சட்டை, தொப்பி, கண்ணையும் மூக்கையும் மறைத்த முகமூடி, தூக்கிய கையில் துப்பாக்கி, காலுக்கடியில் புயல் என்ற குதிரை. அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாரமும் முகமூடி கழலப்போகிற நேரத்தில் விளக்கு அணையும், அல்லது "தொடரும்" என்று வந்துவிடும். அந்தக் காகிதத்தின் மை வாசனையை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டுத்தான் நாங்கள் படிக்கவே தொடங்குவோம். முகமூடிக்குள் இருப்பது யார் என்பதில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தது.

எங்களுக்கு வயது பத்து, பதினொன்று. கவுஸுக்கு நாற்பதுக்கு மேல். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தலையில் தொப்பி அப்படியே இருக்க, நேரே பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைக்கு வந்து எங்களோடு வரிசையில் நிற்பார். கட்டு பிரித்ததும் முதல் பிரதி அவருக்குத்தான். வயதுக்கு மரியாதை கொடுத்தோம்.

அதுவரை பென்னாகரம் ரோட்டுத் தகரக் கொட்டகையில் அவர் ஊதலும் சீப்பும் கிலுகிலுப்பையும்தான் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தோன்றிவிட்டது, ரணதீரனைச் செய்தால் என்ன என்று. லேத் பட்டறை கருப்பண்ணனிடம் டை, அதாவது இரும்பு அச்சு, வெட்டச் சொன்னார். குதிரை தனி, ஆள் தனி. ஆளைத் தூக்கிக் குதிரைமேல் உட்கார வைக்கலாம். முதல் பொம்மை டையிலிருந்து சூடாக விழுந்தபோது அவர் அழுதுவிட்டார் என்று அவர் மனைவி நசீம் பானு சொல்லுவார். பிளாஸ்டிக் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று அவர் சொல்லுவார்.

கொட்டகையின் கதி இப்போது அந்தப் பொம்மையில்தான் இருந்தது. நசீம் பானுவின் தம்பி ஜமீருக்குப் பெங்களூரில் தலையணைக் கடை. "மச்சான், இந்த ஊதலை ஊதிக்கிட்டு எத்தனை நாளைக்கு? வந்து கல்லாவுல உக்காருங்க" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் கவுஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். மார்கழியில் இண்டூர்ப் பக்கத்து முனியப்பன் கோயில் திருவிழா வருகிறது. அங்கே ரணதீரன் விற்றுத் தீர்ந்தால் கொட்டகை இருக்கும். தீராவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு, கவுஸ் பெங்களூரில் தலையணை. இதுநாள்வரை வாக்குத் தவறாத மனிதர் அவர். அதுதான் பயம்.

அந்த நேரத்தில்தான் சஃபாரி சூட் வந்து நின்றது.

"முகமூடி எங்களது," என்று விரல்விட்டு எண்ணினார் மிஸ்டர் ராஜ். விரலில் கறுப்பு மைக் கறை. "தொப்பி எங்களது. துப்பாக்கியை அப்படித் தூக்கிப் பிடிக்கறது எங்களது. நீலச் சட்டை எங்களது. குதிரை பம்பாய்க்காரருது."

"அப்பறம் என்னங்க மிச்சம்?"

"உக்காந்திருக்கற கால். அதை வச்சுக்குங்க."

பொம்மையை முகத்துக்கு நேரே பிடித்து அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் வந்துவிட்டது.

"மூக்கு ஏன்யா இவ்வளவு சப்பை? அவனுக்கு எவ்வளவு எடுப்பா மூக்கு போடறேன்... போடறோம்! பட்டன் ஒண்ணுகூட வரலை. செய்யறதுதான் திருட்டுத்தனமா செய்யறீங்க, அழகாச் செய்யக் கூடாதா?"

கவுஸ் தலை குனிந்தார். லைசென்ஸ் இல்லை என்று சொன்னதைவிட மூக்கு சப்பை என்றதுதான் அவரைக் குத்தியது.

"திருவிழாவுக்கு வருவேன். கோயிலுக்குப் பின்னால புளியமரத்தடிலதானே பொம்மைக் கடை போடுவீங்க? அங்க ஒரு ரணதீரனைப் பார்த்தாலும் கோர்ட்டுதான். இது சாட்சிக்கு இருக்கட்டும்." பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

புளியமரம்வரை தெரிந்து வைத்திருக்கிறார்களே, மெட்ராஸ் கம்பெனி என்றால் சும்மாவா என்று கவுஸ் அசந்துபோனார்.

அன்று சாயங்காலம் செய்து வைத்திருந்த ரணதீரன்களையெல்லாம் சட்டியில் போட்டு உருக்கினார்கள். நசீம் பானு கிளறினார். கவுஸ் வெளியே போய் நின்றுகொண்டார். துப்பாக்கி தூக்கிய கைகள் ஒவ்வொன்றாய் நீலக் குழம்பில் இறங்குவதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. குதிரைகளும் உருகின.

மறுநாள் டையைச் சாக்கில் கட்டிக்கொண்டு கருப்பண்ணன் பட்டறைக்குப் போனார். பெங்களூரிலிருந்து நிலவரம் பார்க்க வந்திருந்த ஜமீரும் கூடவே போனான்.

கருப்பண்ணன் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"முகமூடியை எடுக்க முடியாது பாயி. டையில பள்ளம்னா பொம்மையில மேடு. நான் தோண்டத்தான் முடியும், மூட முடியாது. மூடணும்னா புதுசா டை போடணும். திருவிழாவுக்குள்ள ஆவாது."

"அப்ப என்னதான் பண்றது?"

"தோண்டித் தோண்டி முகமூடியையே முகமாக்கிரலாம். யாரு முகம் போடட்டும்?"

மிஸ்டர் ராஜ் சொன்னது கவுஸுக்கு ஞாபகம் வந்தது. "யாருக்கும் சொந்தமில்லாத முகமாப் போடுங்க. நெஜ முகமா இருந்தா யாரும் கேக்க முடியாதாம்."

கருப்பண்ணன் அக்கம்பக்கம் பார்த்தார். எதிரே ஸ்டூலில் ஜமீர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய டையிலிருந்து விழுந்த முதல் பொம்மையைக் கையில் வாங்கிய நசீம் பானு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை.

"என்னங்க, எந்தம்பி எதுக்குங்க துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கான்? தலையணைக்குப் பஞ்சு அடைக்கவா?"

அதே உப்பிய கன்னம், அதே அரைக்கண் தூக்கம். ஜமீர் பொம்மையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான். முதலில் முகம் மலர்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொம்மையைக் கன்னத்தோடு வைத்தும் பார்த்தான். திரும்பி வரும்போது வியாபாரியாகிவிட்டிருந்தான்.

"மச்சான், இது எம் மூஞ்சி."

"ஆமா, அதுக்கென்ன?"

"எங்கிட்ட லைசென்ஸ் வாங்கினீங்களா?"

கவுஸ் பொம்மையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நெஜ மூஞ்சிக்கு வேண்டியதில்லன்னு மெட்ராஸ்காரரு சொன்னாரே!"

"அவருக்கு அவரு மூஞ்சி. எனக்கு எம் மூஞ்சி. சரி, நமக்குள்ள என்ன, தர்றேன். ஒரே ஒரு கண்டிசன். பொம்மை நெஞ்சுல 'ஜமீர் தலையணைக் கடை, பெங்களூர்'னு எழுத்து தோண்டணும்."

கேப்டன் ரணதீரன் உட்கார்ந்த இடத்தில் தலையணை விற்பதா? கவுஸ் அன்று இரவு சோறு சாப்பிடவில்லை. தோற்றாலும் பெங்களூர், ஜெயித்தாலும் பெங்களூர் என்று ஆகிவிட்டதே என்று பாயில் புரண்டுகொண்டிருந்தார்.

மறுபடி டை. மறுபடி சாக்கு. மறுபடி கருப்பண்ணன்.

"ஜமீரு தெரியக் கூடாது."

"தோண்டத்தான் முடியும்னேனே பாயி."

"தோண்டுங்க. அவனுக்கு மீசை கிடையாது. மீசை வைங்க."

கருப்பண்ணன் மீசை வைத்தார். மீசைக்கு மேலே ஜமீர் இன்னும் அரைத் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். மீசையைக் காதுவரை இழுத்தார். அப்போதும் ஜமீர்தான், என்ன, திருடன் வேஷம் போட்ட ஜமீர். கண்களைத் தோண்டினார். தூக்கம் போய்க் கண் பிதுங்கி உருட்டி விழித்தது. ஜமீர் ஒருவழியாக மறைந்தான்.

"தொப்பி?"

தொப்பியை மேல்பக்கமாகத் தோண்டினார். அது உயர்ந்து கூம்பி நின்றது.

"துப்பாக்கி?"

துப்பாக்கிக் குழாயை நீட்டித் தட்டையாக்கினால் வேறென்னவோ ஆகிவிடும் என்று உளியை வைத்தார். கை வழுக்கி உளி டையின் விளிம்புவரை போய்விட்டது. "போவட்டும் விடுங்க, கத்தின்னு வச்சுக்குங்க" என்றார்.

"குதிரை இல்லாம ஆளு காலை விரிச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கிறானே?"

கீழே ஒரு மேடையைத் தோண்டினார். இப்போது ஆள் கம்பீரமாக உட்கார்ந்தான்.

வர்ணம் பூசுவது நசீம் பானுவின் வேலை. நீலம் கம்பெனிக்குச் சொந்தம் என்றதால் அந்தப் பக்கமே போகவில்லை. கிலுகிலுப்பைக்கு வாங்கி மிஞ்சியிருந்த சிவப்பை உடம்புக்கும், கறுப்பை மீசைக்கும், வெள்ளையைக் கண்ணுக்கும் வைத்தார். முடித்துவிட்டுத் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, யாருங்க இது?"

"யாருமில்ல."

"யாருமில்லாத ஆளுக்கு எதுக்கு இம்மாம் பெரிய மீசை?"

"அவரைத் தேடி யாரும் வரக் கூடாதுன்னுதான்," என்றார் கவுஸ். "முகமூடி இருக்கா? இல்ல. தொப்பி இருக்கா? இல்ல. துப்பாக்கி, நீலம், குதிரை, ஜமீரு, எதுவுமே இல்ல. இந்தப் பொம்மைக்கு உலகத்துல ஒருத்தரும் சொந்தம் கொண்டாட முடியாது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒருத்தரும் சொந்தம் கொண்டாடாத பொம்மையை ஒருத்தரும் வாங்கவும் மாட்டார்களே. பெயரில்லாத ஆளை எந்தப் பிள்ளை கேட்டு அழும்? கொட்டகைச் சாவியை அன்றைக்கே நசீம் பானுவிடம் கொடுத்து, "ஜமீருகிட்டக் குடுக்க வேண்டியிருக்கும், பத்திரமா வை" என்றார்.

திருவிழா அன்று காலை புளியமரத்தடியில் சாக்கை விரித்துப் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினார். ஜமீர் பெங்களூர் பஸ் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். ஒலிபெருக்கி, ராட்டினம், பொரிகடலை, கரும்புக் கட்டு. தார் ரோடுவரை கூட்டம். பிள்ளைகள் வந்தார்கள். "ரணதீரன் இருக்கா?" என்றார்கள். "இல்ல தம்பி." "அப்ப இது யாரு?" கவுஸ் பொம்மையின் மீசையைத் துடைத்து வைத்தார். பிள்ளைகள் ஊதல் கடைக்குப் போய்விட்டார்கள். அந்த ஊதலும் கவுஸ் கொட்டகையில் போன வருஷம் அடித்ததுதான்.

அப்போது இண்டூரிலிருந்து வந்திருந்த காசியம்மாள் என்ற விவசாய வீட்டு அம்மாள், தலையில் பொங்கல் பானைக் கூடையோடு கடையைத் தாண்டிப் போனவர், சட்டென்று நின்றார். பொம்மைகளைப் பார்த்தார். கண்கள் விரிந்தன. குனிந்து கால் செருப்பைக் கழற்றினார்.

கவுஸ் இரண்டு அடி பின்வாங்கினார். "பொம்மை பிடிக்கலைன்னா போங்கம்மா, எதுக்குச் செருப்பு?"

காசியம்மாள் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"முனியப்பா! என்னப்பா, இங்க வரிசையா வந்து உக்காந்திருக்க!"

கவுஸ் மெதுவாகத் திரும்பிக் கோயிலைப் பார்த்தார். தென்னைமர உயரத்தில், சுண்ணாம்புச் சிலையாக, முனியப்பன் மேடைமேல் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். காதுவரை மீசை. உருட்டி விழித்த கண். கூம்பிய கிரீடம். தூக்கிய கையில் வாள். சிவப்பு உடம்பு. பென்னாகரம் பஸ்ஸில் போகிறபோதெல்லாம் கவுஸ் பார்த்த உருவம்தான். ஆனால் இத்தனை நாளும் தன் பொம்மையில் எது இல்லை என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதில் எது இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

"யா அல்லா!" என்றார் கவுஸ்.

செருப்புகள் கடை முன்னால் குவிந்தன. யாரோ கற்பூரம் கொளுத்தப் பார்த்தார்கள். "பிளாஸ்டிக்குங்க, உருகிடும்!" என்று ஜமீர் ஓடி அணைத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூசாரி சென்றாயன் வந்தார். தாடியும் தடியுமாக, ஊரே பயப்படுகிற ஆள்.

"ஏம் பாயி, இது யாரு பண்ணது?"

"நாந்தாங்க. ஆனா நான் சாமி பண்ணலைங்க, பொம்மைதான் பண்ணேன். எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்து கேட்டா என்ன சொல்லுவேன்? சத்தியமா யாரோ ஒருத்தரைப் பண்ணேங்க."

"நீங்க பொம்மைதான் பண்ணீங்க. வந்து உக்காந்தது அவரு." சென்றாயன் பொம்மையைக் கையில் எடுத்தார். "அதெல்லாம் சரி. உத்தரவு கேட்டீங்களா?"

"உத்தரவுன்னா?"

"அவரைக் கேக்காம அவரைப் பண்ணலாமா? உத்தரவு வேணுமில்ல?"

கவுஸ் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இங்கயுமா லைசென்ஸு?" என்று ஈனக் குரலில் கேட்டார். "இவரும் பம்பாய்க்காரருக்குக் குடுத்துட்டாருங்களா?"

சென்றாயனுக்கு அது புரியவில்லை. "எவரு யாருக்குக் குடுத்தா? வாங்க, கேட்டுரலாம். இங்கதானே இருக்காரு."

அந்தப் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூக்கேட்டுத்தான் செய்வார்கள். நனைத்த பூவைச் சாமியின் இரண்டு பக்கமும் ஒட்டி வைப்பது. வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு.

"இடப்பக்கம் விழுந்துட்டா?" என்றார் கவுஸ்.

"கடையைக் கட்டிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

ஜமீர் பெங்களூர் பஸ் நேரத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

சென்றாயன் ஏணியில் ஏறி முனியப்பனின் இரண்டு முழங்காலிலும் அரளிப்பூ ஒட்டினார். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார்கள். ராட்டினமும் நின்றது. மேலே மாட்டிக்கொண்டவர்கள் அங்கிருந்தே பார்த்தார்கள். பூ இரண்டும் அசையவில்லை. கவுஸ் சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த விதத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தன் கொட்டகையும், சூடான பிளாஸ்டிக் வாசனையும், வெள்ளிக்கிழமைப் பஸ்ஸும் மட்டுமே அவர் மனதில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுத் தலையணைக்கு நடுவில் உட்கார்ந்து எப்படி உயிரோடு இருப்பது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கூட்டத்தில் குலவைச் சத்தம் கிளம்பியது. கண்ணைத் திறந்தார். வலப்பக்கப் பூ கீழே கிடந்தது.

"லைசென்ஸ் ஆயிருச்சு பாயி," என்றார் சென்றாயன் ஏணியில் இறங்கிக்கொண்டே. "வருசா வருசம் புதுப்பிக்கவும் வேணாம்."

அதற்கப்புறம் நடந்ததை வியாபாரம் என்று சொல்ல முடியாது. பறித்துக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வேண்டுதலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒன்று. ரணதீரன் கேட்டு அழுத பிள்ளைகளும் கத்தி பிடித்த பொம்மையோடு அழுகையை நிறுத்தினார்கள். ஜமீர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு!" என்று கத்தினான். பெங்களூர் பஸ் அவன் இல்லாமலேயே போய்விட்டது. வெயில் சாயும்போது சாக்கின் மேல் ஒரே ஒரு பொம்மைதான் மிச்சம்.

அதன்மேல் ஒரு நிழல் விழுந்தது. சஃபாரி சூட். கறுப்புக் கண்ணாடி.

"நல்லாப் பாத்துக்குங்க சார்," என்றார் கவுஸ். அன்றைக்கு அவருக்குத் தைரியம் நிறைய இருந்தது. "உங்க சாமான் ஒண்ணுகூட இல்ல."

மிஸ்டர் ராஜ் குனிந்து பொம்மையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பொம்மையைப் பார்த்தார், நிமிர்ந்து சிலையைப் பார்த்தார், மறுபடி பொம்மையைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. மார்கழிக் குளிரில்.

"இதை... இதை எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?"

"எதைங்க?"

மிஸ்டர் ராஜ் பையிலிருந்து அந்தச் சாட்சிப் பொம்மையை எடுத்து இதன் பக்கத்தில் பிடித்தார். கவுஸ் எட்டிப் பார்த்தார். உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ரணதீரன். ஆனால் அவர் செய்த மாதிரி இல்லை. யாரோ மெல்லிய தூரிகையால் மூக்கைத் திருத்தி, சட்டையில் பட்டன் ஒவ்வொன்றாக வைத்து, முகமூடிக்கு ஓரம் கட்டி, ஆசை ஆசையாக வர்ணம் தீட்டியிருந்தார்கள். சாட்சிக்கு வாங்கிப்போன பொருளை எந்தக் கம்பெனி இப்படி வைத்துக்கொள்ளும்?

"என்ன தகராறு இங்க?" சென்றாயன் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மிஸ்டர் ராஜ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்களே சொல்லுங்க பூசாரி," என்றார் கவுஸ். "இதோ இவருதான் ரணதீரன். சாரோட கம்பெனி ஆளு. நம்ம பொம்மைக்கும் இவருக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதா?"

சென்றாயன் இரண்டு பொம்மைகளையும் வாங்கிக் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். ரணதீரனின் முகமூடியைக் கட்டைவிரலால் மறைத்தார். தொப்பியை ஆள்காட்டி விரலால் மறைத்தார். அகட்டி உட்கார்ந்த காலைப் பார்த்தார், தூக்கிய கையைப் பார்த்தார். பிறகு மிஸ்டர் ராஜின் கறுப்புக் கண்ணாடியை எட்டிக் கழற்றினார்.

"டேய் ராஜப்பா, கும்பாபிஷேகத்துக்கு எங்க முனியப்பனுக்கு வர்ணம் அடிக்க வந்தவன், அவருக்கே முகமூடியை மாட்டி மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனியே, நீ உத்தரவு கேட்டியாடா?"